அமெரிக்க மாநிலங்களில் துணை ஆளுநருக்கு எதற்குத் தனித் தேர்தல்?

ஆளுநர் இறந்தாலோ, ராஜினாமா செய்தாலோ அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவர்தான் துணை ஆளுநர். 2000-ல் ஜார்ஜ் புஷ் அதிபர் தேர்தலில் ஜெயித்து டெக்சாஸ் ஆளுநர் பதவியை விட்டதும், துணை ஆளுநராக இருந்த ரிக் பெர்ரி அப்படித்தான் ஆளுநரானார்.

சரி, சும்மா காத்திருக்கும் ஆளுக்கு எதற்குத் தேர்தல்? டெக்சாஸில் அவர் சும்மா இருப்பதில்லை. சட்டமன்றத்தின் மேலவையான, 31 பேர் கொண்ட மாநில செனட்டுக்கு அவர்தான் தலைவர். குழுக்களில் யார் யார் என்று முடிவு செய்வதும், எந்த மசோதா எந்தக் குழுவுக்குப் போகும், எது அவைக்கு வரும் என்று பார்ப்பதும் அவர் கையில். அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் எந்த விஷயத்தைப் பேசலாம் என்று பட்டியல் போடுகிற செயலாளரை நினைத்துக்கொள்ளுங்கள், பட்டியலில் ஏறாத தண்ணீர்ப் பிரச்சினை அன்றைக்குப் பேசப்படாது. இவ்வளவு அதிகாரம் உள்ளவரை ஆளுநரே தேர்ந்தெடுத்தால் செனட்டும் அவர் பைக்குள் போய்விடும். அதனால்தான் தனி ஓட்டு, அது நல்ல ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன்.

இதனால் இருவரும் வேறு வேறு கட்சியாகவும் இருக்கலாம். 1994 தேர்தலில் டெக்சாஸ் மக்கள் ஆளுநராகக் குடியரசுக் கட்சியின் புஷ்ஷையும், துணை ஆளுநராக ஜனநாயகக் கட்சியின் பாப் புல்லக்கையும் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் பல மாநிலங்களில் இருவருக்கும் சேர்த்து ஒரே ஓட்டுதான்.

அப்புறம், புதுச்சேரி துணைநிலை ஆளுநர் மாதிரி இவரையும் மேலிருந்து நியமிக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள்; அங்கே நியமிப்பது குடியரசுத் தலைவர், ஆனால் டெக்சாஸ் துணை ஆளுநர் தேர்வில் வாஷிங்டனுக்கு எந்த வேலையும் இல்லை.