சின்னத் தீவுதானே என்று ஹோட்டலை முடிவு செய்யாதீர்கள்: ஜூலையில் மொரிஷியஸ்

கேள்வி: ஜூலையில் ஒரு வாரம் மொரிஷியஸ் வருகிறோம். நான், மனைவி, ஆறு வயது மகன், அம்மா. தீவுக்குப் போவது இதுதான் முதல் தடவை. எந்தப் பக்கம் தங்கலாம், எதற்கெல்லாம் தயாராக வரவேண்டும்?

பதில்:

எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். பன்னிரண்டு வருடமாக இங்கே ரோஸ் ஹில்லில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து வருகிற உறவுக்காரர்கள் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி எந்த ஹோட்டல் நல்லது என்பதுதான். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எந்தக் கரை என்று முடிவு செய்யுங்கள்.

இந்தத் தீவு வடக்கிலிருந்து தெற்கே சுமார் 65 கிலோமீட்டர், குறுக்கே சுமார் 45 கிலோமீட்டர். அவ்வளவுதான். அதனால் எங்கே தங்கினால் என்ன என்று தோன்றும். ஆனால் ஒரே நாளில், ஒரே மணி நேரத்தில், கிழக்குக் கரையில் ஒரு வானிலையும் மேற்குக் கரையில் வேறொரு வானிலையும் இருக்கும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் பருவமும் நமக்குத் தலைகீழ். மே முதல் அக்டோபர் வரை இங்கே குளிர்காலம், நவம்பர் முதல் ஏப்ரல் வரை கோடை. நீங்கள் வருவது நல்ல குளிர்காலத்தில். அந்த மாதங்களில் தென்கிழக்கிலிருந்து காற்று விடாமல் வீசும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது ஊரில் பழமொழி. இங்கே கிழக்குக் கரையில் ஆடி மாதம் நின்று பார்த்தால் அது கண்ணெதிரே நடப்பது போலவே இருக்கும்.

என் அக்கா குடும்பம் ஒரு ஆகஸ்டில் வந்தது. அத்தான் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு பெல் மார் பக்கம் ஹோட்டல் போட்டுவிட்டார். பெல் மார் மிக அழகான கடற்கரை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வாரம் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. குழந்தைகள் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், தண்ணீரில் கால் வைக்கவில்லை. மூன்றாம் நாள் அவர்களை மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக்குக்கு அழைத்துப் போனேன். காரில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. அங்கே கடல் குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. "இது அதே தீவா?" என்று அக்கா இரண்டு தடவை கேட்டாள்.

அதனால் ஜூலைக்கு மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக், அல்லது வடமேற்கே ட்ரூ ஓ பீஷ், மோன் ஷுவாசி பக்கம் பாருங்கள். அம்மாவும் குழந்தையும் வருவதால் நான் இதை அழுத்தமாகவே சொல்கிறேன். கிழக்கே இருக்கிற இல் ஓ செர்ஃப் தீவைப் பார்க்க ஆசை என்றால், காற்று குறைந்த ஒரு நாளாகப் பார்த்துப் போய்விட்டு மாலையே திரும்பிவிடுங்கள். டிசம்பரில் வருபவர்கள் கேட்டால் நான் வேறு மாதிரி சொல்வேன். அப்போது கிழக்கின் காற்று இதமாக இருக்கும்.

இனி கடலுக்குள். தீவைச் சுற்றிப் பெரும்பாலும் பவளத்திட்டு வேலி போட்டது போல இருக்கிறது. கரையிலிருந்து பார்த்தால் தூரத்தில் வெள்ளைக் கோடாக அலை உடைவது தெரியும், அதுதான் அந்தத் திட்டு. அலையின் வேகம் அங்கேயே அடங்கிவிடுவதால் உள்ளே தண்ணீர் தெளிவாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கும். குழந்தைகள் விளையாட இதைவிட நல்ல கடல் கிடையாது. ஆனால் திட்டில் சில இடங்களில் வாசல் போல இடைவெளி உண்டு. படகுகள் அது வழியாகத்தான் போய்வரும், உள்ளே வந்த தண்ணீரும் அது வழியாகவே வேகமாக வெளியே இழுக்கும். அந்தப் பக்கம் நீந்தக் கூடாது. தெற்கே சுயாக் ஊருக்கு அருகில் க்ரீ க்ரீ என்ற இடத்தில் திட்டே கிடையாது. பெருங்கடல் நேராகப் பாறையில் வந்து மோதும். போய் நின்று பாருங்கள், மறக்கவே மாட்டீர்கள். ஆனால் குழந்தையின் கையை விடாதீர்கள், தண்ணீரில் இறங்கவே வேண்டாம். புதிதாக ஒரு கடற்கரைக்குப் போனால் முதலில் அந்த வெள்ளைக் கோடு எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கோடு இல்லை என்றால் அது குளிக்கிற கடல் இல்லை.

தண்ணீரில் போட்டுக்கொள்ளும் ரப்பர் ஷூ நான்கு பேருக்கும் கட்டாயம் வேண்டும். அடியில் கறுப்பு முள் பந்து போல ஒன்று பாறை இடுக்கில் இருக்கும், கடல் முள்ளெலி என்பார்கள். அக்கா மகன் வெறுங்காலோடு ஓடி அதை மிதித்துவிட்டான். முள் உள்ளேயே ஒடிந்துவிடும், இழுத்தால் வராது. அன்று மாலை முழுவதும் அவன் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கறுப்புப் புள்ளியாகத் தேடினோம். அதைவிட அபாயமானது கல்லோடு கல்லாகக் கிடக்கும் ஒரு விஷ மீன். இங்கே லாஃப் என்று சொல்வார்கள். அடிக்கடி நடப்பதில்லை, ஆனால் மிதித்தால் நேரே ஆஸ்பத்திரிதான். ஷூ இருந்தால் இந்தப் பயம் பெரும்பாலும் போய்விடும். அப்புறம், சங்கோ பவளமோ கையில் எடுத்து வரக் கூடாது, இங்கே அது சட்டப்படி குற்றம்.

ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள். வெப்பமண்டலத் தீவுக்கு ஸ்வெட்டரா என்று எல்லாரும் கேட்கிறார்கள். தீவின் நடுப்பகுதி மேடு. கியூர்பீப் ஊர் சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கடற்கரையில் வெயில் அடிக்கும்போதே அங்கே சாரல் விழும். உங்கள் அம்மா நிச்சயம் பார்க்க விரும்பும் கங்கா தலாவ் ஏரியும் மேட்டில்தான். 33 மீட்டர் உயர சிவன் சிலை அங்கே இருக்கிறது, ஜூலையில் பாதி நேரம் மேகம் அதன் தலையை மறைத்துவிடும். காலையிலேயே கிளம்பினால் கங்கா தலாவ், பிளாக் ரிவர் காட்டின் காட்சி முனை, ஷாமரெல் அருவி, ஏழு வண்ண மண், கீழே இறங்கி லெ மோர்ன் மலையடிக் கடற்கரை எல்லாவற்றையும் ஒரே வட்டமாகப் பார்த்துவிடலாம். லெ மோர்ன் வெறும் அழகுக்கான மலை இல்லை. தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம், 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மகனுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள். ஜூலையில் மாலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

போக்குவரத்து பற்றிச் சுருக்கமாக. தலைநகர் போர்ட் லூயியிலிருந்து ரோஸ் ஹில் வழியாக கியூர்பீப் வரை மெட்ரோ ஓடுகிறது, சுத்தம், வசதி. ஆனால் கடற்கரைகளுக்கு அது போகாது. பஸ் எங்கும் போகும், கிராமப் பக்கம் மாலையோடு நின்றுவிடும். டாக்ஸியில் ஏறும் முன் வாடகையைப் பேசி முடித்துவிடுங்கள். நம் ஊர் போலவே இடதுபக்க ஓட்டம்தான், அதனால் நான்கு பேருக்கு இரண்டு மூன்று நாள் கார் வாடகைக்கு எடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கரும்புத் தோட்டத்து ரோடுகள் குறுகலானவை, இருட்டிய பிறகு ஓட்ட வேண்டாம். புயல் பயம் உங்களுக்கு இல்லை, அது பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயி தெருக்களில் கார்கள் வெள்ளத்தில் அடித்துப் போயின. அந்த மாதங்களில் வருபவர்கள் எச்சரிக்கையின் எண்ணைக் கவனிக்க வேண்டும். ஒன்றிலிருந்து நான்கு வரை உண்டு, மூன்று வந்துவிட்டால் எல்லாரும் வீட்டுக்குள்தான்.

பணமும் ரூபாய்தான், ஆனால் மொரிஷியஸ் ரூபாய், மதிப்பு நம்முடையதைவிட அதிகம். 2024 பிப்ரவரியிலிருந்து இந்திய யூபிஐ இங்கே வந்திருக்கிறது. இருந்தாலும் ரோட்டோரக் கடைகளுக்குச் சில்லறை நோட்டாக வைத்திருங்கள். கையில் நூறு ரூபாய் நோட்டு வந்ததும் அம்மாவிடம் கொடுங்கள். அதில் தமிழ் எழுத்து இருக்கும். படத்தில் இருப்பவர் ரங்கநாதன் சீனிவாசன், இந்தத் தீவின் அரசியலில் பெரிய பெயர், தமிழர். 1998இல் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சிட்டபோது இங்குள்ள தமிழர்கள் கொதித்து எழுந்தார்கள், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். ரோட்டோரத்தில் தால் பூரி கேளுங்கள். வேகவைத்துப் பொடித்த பருப்பை மாவுக்குள் வைத்து மெல்லிசாகத் தேய்த்துச் சுட்டது. கடைக்காரர் இரண்டை ஒன்றாகப் பிரித்துப் போட்டு, மேலே பெரிய பயற்றுக் கறி ஒரு கரண்டி, தக்காளிக் குழம்பு ஒரு கரண்டி, மிளகாய்த் துவையல் கொஞ்சம் தடவி, ஒரே சுருட்டாகச் சுருட்டித் தாளில் கொடுப்பார். எல்லாம் நான்கு நொடிக்குள். "என் பேர்" என்று கேட்டால் ஒரு ஜோடி என்று அர்த்தம். குழந்தைக்குக் காரம் வேண்டாம் என்றால் துவையலைத் தொடும் முன்பே சொல்லிவிடுங்கள், கை அவ்வளவு வேகம். காலையில் சூடாகக் கிடைக்கும் காத்தோ பிமான் நம் மசால் வடையின் தம்பி. நூடுல்ஸ் வகைகளில் முட்டையும் மீன் சாஸும் சேர வாய்ப்பு உண்டு, அம்மா சைவம் என்றால் ஒவ்வொரு தடவையும் கேட்டே வாங்குங்கள்.

இங்குள்ள தமிழர்கள் தமிழில் பேசுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். அன்றாடம் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான். முதலில் எனக்கே அது வருத்தமாக இருந்தது. பிறகு தைப்பூசக் காவடிக்கு அவர்கள் பத்து நாள் விரதம் இருப்பதையும், அதன் முடிவில் வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவதையும் பார்த்தபின் அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன். கோயிலை அவர்களும் கோவில் என்றே சொல்கிறார்கள். கத்ர் போர்னில் கோர் த கார்ட் மலைச்சரிவில் முருகன் கோவில் இருக்கிறது, படி ஏற வேண்டும், அம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் மெதுவாக ஏற்றுங்கள். போர்ட் லூயியில் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவில், அங்கே படிப் பிரச்சினை இல்லை. வணக்கம் சொன்னால் முகம் மலர்ந்து வணக்கம் சொல்வார்கள்.

ஒரு காலை அம்மாவைக் காய்கறிச் சந்தைக்கு அழைத்துப் போங்கள், போர்ட் லூயியின் பெரிய மார்க்கெட்டே போதும். என் அம்மா வந்திருந்தபோது ஒரு கீரைக் கட்டைத் தூக்கி, தன்னை மறந்து, "முருங்கை எவ்வளவும்மா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டார். கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே "ப்ரெத் முரும், முரும்" என்றாள். அடுத்த கூடையைக் காட்டி "கரிப்பிலே" என்றாள், கறிவேப்பிலை. அதற்கடுத்து "பிப்பங்காய்", பீர்க்கங்காய். அம்மா ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் தமிழில் சொல்ல, அவள் கிரியோலில் சொல்ல, பின்னால் நின்றவர்கள் அவசரப்படாமல் காத்திருந்தார்கள். இரண்டு கட்டு முருங்கைக்கீரை வாங்கி வந்தோம்.