டிராகன் வீரர், குதிரை வீரர் மாதிரித்தானா?

கற்பனைக் கதைகளில் டிராகன் மேலேறிப் பறக்கும் வீரருக்கு, குதிரைக்குப் பதில் டிராகன், அவ்வளவுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை. கொழும்பு கங்காராமை விகாரையின் நவம் பெரஹரா ஊர்வலத்தில் யானையோடு நடக்கும் பாகனின் கையில் அங்குசம் இருக்கும். சில கதைகளில் டிராகன் வீரருக்கு அது தேவையே இல்லை.

எழுத்தாளர் ஆன் மக்காஃப்ரி 1967இல் தொடங்கிய, பெர்ன் என்ற கற்பனைக் கோளில் நடக்கும் கதைகளில், முட்டை உடைந்து வெளியே வரும் குஞ்சுதான் சுற்றி நிற்கும் பிள்ளைகளில் ஒருவரைத் தெரிவு செய்யும், அந்த நிமிடத்திலிருந்து இரண்டு பேரும் மனதாலேயே கதைப்பார்கள், வீரர் செத்தால் டிராகனும் உயிரை விட்டுவிடும். சண்டையும் கூட்டுவேலைதான்: பறக்கும்போதே வீரர் சாக்கிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கொடுப்பார், டிராகன் அதை மென்று விழுங்கி, வயிற்றில் உண்டாகும் வாயுவால் நெருப்புக் கக்கி, வானத்திலிருந்து விழும் கொடிய இழைகளை எரிக்கும்.

எல்லாக் கதையிலும் இப்படி இல்லை. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எழுதிய ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் கதை உலகில் வீரர் இறந்தாலும் டிராகன் வாழும், அப்புறம் இன்னொருவரை ஏற்றும். எனக்குப் பெர்ன் முறைதான் பிடிக்கும்; அதில் ஒவ்வொரு முறை பறக்கும்போதும் இரண்டு உயிர் பணயம்.