ஒரே சமையலில் எல்லோருடைய எடையையும் கவனிக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 42 வயது. உயரம் 158 சென்டிமீட்டர், எடை 76 கிலோ. இரத்த அழுத்தம் சற்று அதிகமாக இருப்பதால் எடையைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். கணவர், பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் மாமியார் என வீட்டில் மொத்தம் ஐந்து பேர். அவர்களுக்கு வழக்கமான சமையலும் எனக்கு மட்டும் சூப், வேகவைத்த காய்கறி என்று தனிச் சமையலும் செய்கிறேன். சில வாரங்களில் அலுத்துப்போய் விட்டுவிடுகிறேன். இதற்கு என்னதான் வழி?

பதில்: தனிச் சமையலை முதலில் நிறுத்துங்கள். உடல் எடைக்காக வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் இதே கதைதான்: வீட்டில் ஒருவர் மட்டும் பத்தியம் இருக்க, மற்றவர்கள் எப்போதும் போலச் சாப்பிட, அந்த ஒருவர் தன் தட்டையும் அடுத்தவர் தட்டையும் மாறி மாறிப் பார்த்து ஒரு நாள் பொறுமை இழந்துவிடுகிறார். மாற வேண்டியது வீட்டின் பொதுச் சமையல். அது மாறினால் உங்கள் இரத்த அழுத்தத்துக்கும் மாமியாரின் சர்க்கரைக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் ஒருசேர நல்லது. ஆளுக்கு ஆள் வேறுபட வேண்டியது பரிமாறும் அளவு மட்டுமே.

உங்கள் உடல் நிறை எண் (கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது) 30-ஐச் சற்றே தாண்டியிருக்கிறது. இந்த எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். இப்போதைய எடையில் 5 முதல் 10 சதவீதம், அதாவது உங்களுக்கு ஏறக்குறைய 4 முதல் ஏழரைக் கிலோ வரை குறைந்தாலே இரத்த அழுத்தத்திலும் இரத்தச் சர்க்கரையிலும் முன்னேற்றம் தெரியும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே போதுமானது.

தொடங்க வேண்டிய இடம் எண்ணெய். ஒரு கிராம் மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 கலோரி இருக்க, ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்றால் 120 கலோரி. நம்மில் பலர் எண்ணெயை அளந்து ஊற்றுவதே இல்லை. வாணலியைச் சுற்றி ஒரு வட்டம், காய் அடிப்பிடிப்பது போலத் தெரிந்தால் இன்னும் ஒரு வட்டம் என்று கண்திட்டமாகவே ஊற்றுகிறோம். இதைச் சோதித்துப் பார்க்க ஓர் எளிய கணக்கு உண்டு. ஐந்து பேருள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் செலவானால் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம் போகிறது. அதை மூன்றரை லிட்டராகக் குறைத்தால், வேறு எதையும் மாற்றாமலேயே ஒவ்வொருவருக்கும் தினமும் ஏறக்குறைய 80 கலோரி குறைந்துவிடும். மாத எண்ணெயை முதல் தேதியன்றே தனியாக எடுத்து வைத்துவிட்டு, அடுப்பருகில் ஓர் அளவுக் கரண்டியைப் போட்டுவிடுங்கள்.

உப்புக்கும் இதே கணக்குதான். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அப்படியானால் உங்கள் ஐந்து பேருக்கும் மாதத்துக்கு 750 கிராம்தான் உச்ச வரம்பு. ஊறுகாய், சிப்ஸ், ரொட்டி ஆகியவற்றில் மறைந்து வருகிற உப்பும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ள உங்களுக்கு இது எடையைக் காட்டிலும் அவசரமானது என்று கூடச் சொல்லலாம்.

பரிமாறும்போது தட்டில் பாதியைக் காய்கறிகளும் கீரையும் சிறிது பழமும் பிடித்துக்கொள்ளட்டும். கால் பங்கு தானியம், மீதிக் கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் போன்ற புரத உணவு. காய்கறியை முதலில் பரிமாறுவது நல்ல உத்தி, ஏனெனில் தானியம் முதலில் விழுந்தால் தட்டில் மற்றவற்றுக்கு இடமிருக்காது. பதின்வயதுப் பிள்ளைக்கு இதே தட்டில் தானியமும் புரதமும் கூடுதலாகப் போடுங்கள், உங்களுக்கு ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள். மாமியாருடைய மாவுச்சத்தைக் குறைப்பதற்கு முன்னால் மட்டும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்கள் திடீரென உணவைக் குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரக்கூடும்.

இன்னொன்று, தாய்மார்கள் யாரும் கடிதத்தில் எழுதாதது. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வீணாகிவிடுமே என்று நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பிள்ளைகளுக்கு முதலில் குறைவாகப் பரிமாறி, கேட்டால் மீண்டும் போடுங்கள். மிச்சமும் இராது, உங்கள் கணக்கும் தப்பாது.

கேள்வி: சோற்றை அறவே விட்டுவிட்டேன். முதல் பத்து நாளில் 3 கிலோ குறைந்தது. அதன்பின் எடை அசையவே இல்லை. எங்கே தவறு?

பதில்: தவறு உங்களுடையதன்று, அந்த முதல் 3 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர் என்பதுதான் விஷயம். உடல் மாவுச்சத்தைக் கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனுடன் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரும் சேர்ந்தே தங்கியிருக்கும். மாவுச்சத்தை நிறுத்தியதும் அந்தச் சேமிப்பு கரைகிறது, கூடவே தண்ணீரும் வெளியேறுகிறது, எடை எந்திரத்தில் முள் இறங்குகிறது. கொழுப்பு இவ்வளவு விரைவாகக் கரைவதில்லை. மீண்டும் சோறு சாப்பிட்ட இரண்டே நாளில் எடை ஏறிவிட்டதாகப் பலர் புலம்புவதற்கும் இதுவே காரணம்.

சோற்றைப் பகையாக நினைக்க வேண்டியதில்லை. 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரிதான் இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், மிருதுவாக இருப்பதால் மெல்லாமலே உள்ளே இறங்கிவிடுகிறது. வயிறு நிறைந்துவிட்டது என்ற செய்தி மூளையை எட்டுவதற்குள் தட்டு இரண்டாம் முறை நிரம்பிவிடுகிறது. சமைத்தபின் குறைப்பதைவிட, அரிசியை அளக்கும்போதே கால் பங்கு குறைத்து, அந்த இடத்தில் பருப்பையோ பயறையோ கூட்டுவது எளிது. நார்ச்சத்தும் புரதமும் சேர்ந்தால் அடுத்த வேளை வரை பசி தாங்கும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து தேவை. தீட்டிய அரிசியையும் மைதாவையும் மட்டுமே நம்பினால் அந்த அளவை எட்டுவது கடினம்.

எடை குறையக் குறைய உடல் செலவிடும் ஆற்றலும் குறைகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். முன்பு எடையைக் குறைத்த அதே உணவளவு சில மாதங்களில் எடையை நிலையாக வைத்திருக்கும் அளவாக மாறிவிடும். அப்போது உணவை மேலும் மேலும் வெட்டினால் தசையும் சேர்ந்து கரையும். ஆகவே ஒவ்வொரு வேளையிலும் புரதம் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்கும் பயிற்சியைச் செய்யுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. வகுப்பில் எல்லோரையும்விடக் குண்டாக இருக்கிறான். இரவு உணவை நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வளரும் பிள்ளையைப் பட்டினி போடுவது அவன் எடையைக் காட்டிலும் பெரிய தீங்கு. ஒளித்து வைத்துச் சாப்பிடும் பழக்கம் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டி, அவனுடைய உயரத்தையும் எடையையும் வளர்ச்சி அட்டவணையில் குறித்துப் பாருங்கள். பெரியவர்களுக்கான உடல் நிறை எண் வரம்புகள் குழந்தைகளுக்குப் பொருந்தா. பல பிள்ளைகளுக்கு எடையைக் குறைக்கவே தேவையிருக்காது. எடை ஏறாமல் நின்று, உயரம் கூடினாலே உடல் சீராகிவிடும்.

என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும். அதில் எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிட வேண்டும். நடைமுறையில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நொறுக்குத் தீனியைக் கைக்கெட்டும் இடத்தில் வாங்கி வைத்துவிட்டு, பிறகு எடுத்தால் திட்டுகிறோம். சாப்பாட்டு வேளையில் 'தட்டைக் காலி செய்' என்று மிரட்டுகிறோம். வீட்டில் இனிப்புப் பானம் இல்லையென்றால் அதைப் பற்றிச் சண்டையும் இல்லை. பழச்சாறும் இந்தப் பட்டியலில் சேரும். முழுப் பழத்தை மென்று தின்றால் ஒன்றிலேயே வயிறு நிறையும். மூன்று பழத்தின் சர்க்கரையை ஒரு தம்ளர் சாறாக ஒரே மூச்சில் குடித்துவிடலாம்.

காய்கறி பிடிக்காது என்று இரண்டு முறை ஒதுக்கியதும் கைவிட்டுவிடாதீர்கள். ஒரு புதிய காயைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வதற்குப் பத்து முறைக்கு மேலும் ஆகலாம். ஒவ்வொரு முறையும் சிறிதளவு மட்டும், வற்புறுத்தாமல், நீங்களும் உடன் உட்கார்ந்து சாப்பிட்டபடி வையுங்கள். காயைத் தின்றால் சாக்லேட் தருகிறேன் என்ற பேரம் மட்டும் கூடாது. காய் என்பது தண்டனை, சாக்லேட் என்பது பரிசு என்றே அது அவன் மனத்தில் பதியும். வீட்டில் யாரும் அவனைக் 'குண்டு' என்று செல்லமாகக் கூட அழைக்க வேண்டாம்.

கேள்வி: சர்க்கரைக்குப் பதில் தேன் அல்லது செயற்கை இனிப்பு மாத்திரை சேர்த்துக்கொண்டால் எடை குறையுமா?

பதில்: தேனால் குறையாது. ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கலோரிக்கு மேல் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் அதையும் சர்க்கரைக் கணக்கிலேயே சேர்க்கிறது. செயற்கை இனிப்புகளை எடைக் கட்டுப்பாட்டுக்காகப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. தேநீரில் சர்க்கரையைச் சில நாளுக்கு ஒருமுறை கால் கரண்டி வீதம் குறைத்துவந்தால் நாக்கு பழகிவிடும்.

கேள்வி: நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். இரவில் களைத்து வந்து, பெரும்பாலும் பொட்டல உணவையே சூடாக்கிச் சாப்பிடுகிறோம். உறையில் போட்டிருக்கும் கலோரியைப் பார்த்து அளவாகச் சாப்பிட்டால் போதாதா?

பதில்: அளவாகச் சாப்பிடுவதுதான் அங்கே கடினம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேரை ஆய்வகத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் பொட்டல உணவு போல ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவையும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவையும் கொடுத்தார்கள். பரிமாறப்பட்ட சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து இரண்டிலும் சமமாகவே இருந்தன. விரும்பிய அளவு சாப்பிடலாம் என்றும் சொல்லப்பட்டது. பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் தினமும் ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் ஏறியது. ஆகவே மனவுறுதி போதவில்லை என்று உங்களை நீங்களே நொந்துகொள்வதில் பொருளில்லை.

விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் வாரம் முழுவதும் தப்பிக்கலாம். பயறு வகைகளை ஊறவைத்து மொத்தமாக வேகவைத்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். இரவில் அதில் ஒரு டப்பா, இரண்டு முட்டை, நறுக்கி வைத்த காய்கறி என்றால் இருபது நிமிடத்தில் உணவு தயார். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். உறையவைக்காததை மூன்று நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். பொட்டலம் வாங்கியே தீர வேண்டிய நாளில், 'ஒரு பரிமாறலுக்கு' என்ற வரியை நம்பாமல் 100 கிராமுக்கு எவ்வளவு என்ற வரியைப் பாருங்கள். சேர்மானங்கள் எடை வரிசையில் அச்சிடப்படுவதால், முதல் மூன்றில் சர்க்கரையோ எண்ணெயோ இருந்தால் அதை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

கேள்வி: தினமும் எடை பார்ப்பது நல்லதா?

பதில்: எண்ணைக் கண்டு மனம் கலங்காதவர் என்றால் பார்க்கலாம். காலையில் கழிவறை சென்று வந்தபின், எதுவும் சாப்பிடுவதற்கு முன்னால், ஒரே எந்திரத்தில் பாருங்கள். முந்தைய நாள் சாப்பிட்ட உப்பு, மாதவிடாய், மலச்சிக்கல் ஆகியவற்றால் ஒரு கிலோ வரை ஏறி இறங்குவது இயல்பு என்பதால், ஒரு வாரத்தின் சராசரியை அடுத்த வாரத்தின் சராசரியோடு மட்டும் ஒப்பிடுங்கள். மாதம் ஒருமுறை தொப்புளை ஒட்டிய இடுப்புச் சுற்றளவையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்; அது உயரத்தில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். உணவைக் குறைக்காமலேயே எடை தொடர்ந்து இறங்கினால் மகிழ்ந்துவிடாமல் மருத்துவரைப் பாருங்கள்.