சுகாதாரத் தொண்டர் பயிற்சி: பினாங்கிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

தாமான் மண்டபத்திலும் கோயில் வளாகத்திலும் அடுக்குமாடிக் கீழ்த்தளத்திலும் பிரஷர், இனிப்புநீர் பார்க்கும் தொண்டர்கள் பயிற்சி பற்றிக் கேட்டவை இவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

பட்டர்வொர்த்: நான் தாதி இல்லை, எஸ்பிஎம் வரைதான் படித்தேன். எங்கே தொடங்குவது?

வீட்டுக்கு அருகிலுள்ள அரசுச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் தொடங்குங்கள். கொஸ்பென் தொண்டராகச் சேர வேண்டும் என்று முகப்பில் கேளுங்கள். சுகாதார அமைச்சு 2013-இல் தொடங்கிய திட்டம் அது. புகைப்பதை விடுவது, உணவு, உடலுழைப்பு, எடை, தொற்றா நோய்ப் பரிசோதனை எல்லாம் அதில் அடங்கும். வட்டாரவாசிகளைக் கொண்ட ஆலோசனைக் குழு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். 'பானல் பெனாசிஹாட்' என்றால் புரிந்துகொள்வார்கள். முதலுதவிக்கு செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், மலேசியச் செம்பிறைச் சங்கம் இரண்டும் வகுப்பு நடத்துகின்றன.

எந்த வகுப்புக்கும் பணம் கட்டுமுன் மூன்று விஷயம் கேளுங்கள். ஒவ்வொருவரும் கருவியைக் கையில் எடுத்துப் பழக எவ்வளவு நேரம் கிடைக்கும்? செய்துகாட்டும் தேர்வு உண்டா? முதல் சில முகாம்களில் நம்மோடு நின்று திருத்தப் போகிறவர் யார்? மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் நான் சேர மாட்டேன்.

கெலுகோர்: இணையத்திலேயே முழுப் பயிற்சியும் முடித்துச் சான்றிதழ் வாங்கினால் போதாதா?

போதாது. உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டியே ஏட்டுப்பாடத்தோடு செய்முறையும் இருக்க வேண்டும், மேற்பார்வையில் செய்து பழகுவதற்கே முதலிடம், நேரடி வகுப்பே முதன்மை, இணையப் பாடம் அதற்குத் துணை என்கிறது. நோய் பற்றிய பாடத்தை இணையத்தில் படிக்கலாம். பிரஷர் கருவியின் பட்டையைக் கட்டவும், இனிப்புநீர் பார்க்க விரலில் குத்தவும் கைதான் பழக வேண்டும்.

ஆயர் ஈத்தாம்: ஒரே பெரியவருக்கு நாங்கள் மூவர் பிரஷர் பார்த்தோம்: 152, 138, 146. கருவி பழுதா?

பெரும்பாலும் கருவி பழுதாக இருக்காது, பார்த்த விதம்தான் காரணம். பயிற்சியில் அரைமணி நேரத்தில் தள்ளிவிடும் பாடம் இது. ஒரு நாள் முழுக்கக் கொடுத்தாலும் தகும்.

முதலில் பட்டை. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை டேப்பால் அளந்து பாருங்கள். நடுத்தரப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் வரைக்கும்தான். கை 35 என்றால் பெரிய பட்டை வேண்டும். சிறிய பட்டையைப் பருத்த கையில் இழுத்துக் கட்டினால் எண் கூடுதலாகக் காட்டும், இல்லாத ரத்தக் கொதிப்பை நாமே உண்டாக்கிவிடுவோம். எல்லாருக்கும் ஒரே பட்டை என்று நடக்கும் முகாம்களில் அதிகம் நிகழும் தவறு இதுதான்.

அடுத்து, ஆள் உட்காரும் விதம். மாடிப்படி ஏறி வந்தவரை உடனே பார்க்கக் கூடாது; ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரட்டும். அதற்கு முன் அரைமணி நேரத்தில் காப்பி, சிகரெட் ஆகாது. சிறுநீர் முட்டினால் போய்விட்டு வரச் சொல்லுங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் இரண்டும் தரையில் படட்டும், கால்மேல் கால் வேண்டாம். கை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். தொங்கவிட்டால் எண் ஏறும். சட்டைக் கையைச் சுருட்டி இறுக்காமல், கழற்றி வெறும் கையில் கட்டுங்கள். பட்டையின் கீழ்விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே நிற்கட்டும். காற்று ஏறும்போது அவரும் பேசக்கூடாது, நாமும் பேச்சுக் கொடுக்கக்கூடாது. நம்மவர்கள் தோற்பது இதில்தான். பேரப்பிள்ளை நலமா என்று கேட்கிற அந்த அரை நிமிடத்தில் எண் பத்து வரை ஏறலாம்.

இரண்டு நிமிட இடைவெளியில் இரு முறை பாருங்கள். முதல் சந்திப்பில் இரண்டு கையிலும் பார்த்து, கூடுதல் காட்டும் கையைக் குறித்துவையுங்கள். இனி அந்தக் கைதான். 140/90-ஐத் தொட்டால் "உங்களுக்கு ரத்தக் கொதிப்பு" என்று சொல்லாதீர்கள், கிளினிக்கில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். 180/110-க்கு மேல் என்றால் ஓய்வு கொடுத்து மறுமுறை பாருங்கள். குறையாவிட்டால் அன்றே கிளினிக் போக வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் தளர்வது, வாய் குழறுவது இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணைப் பார்க்க வேண்டாம், உடனே 999.

செபராங் ஜெயா: தமிழில் பாடம் வேண்டுமென்றால் தமிழ்நாட்டு வீடியோக்கள்தான் கிடைக்கின்றன. பயன்படுத்தலாமா?

தாராளமாக. அங்கே 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் வீடு தேடிப் போகும் பணி பற்றி நல்ல தமிழில் நிறைய வந்திருக்கிறது. ஆனால் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே இரத்தச் சர்க்கரையை மில்லிகிராம் கணக்கில் சொல்வார்கள். இங்கே நம் கருவி மில்லிமோல் காட்டும். அவர்கள் எண்ணை 18-ஆல் வகுத்தால் நம் எண் வரும். அவர்களின் 70 நமக்கு 3.9. 126 என்பது 7.0, 200 என்பது 11.1.

'70-க்குக் கீழே போனால் ஆபத்து' என்று வீடியோவில் கேட்ட தொண்டர், கருவியில் 9.5 பார்த்துப் பதறிச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே கூடுதலாக இருப்பவருக்கு இன்னும் ஏற்றிவிடுவார். அதனால் மாற்றிய எண்களை ஓர் அட்டையில் எழுதிக் கருவிப் பையிலேயே ஒட்டுங்கள். கொலஸ்ட்ரோலுக்குக் கணக்கு வேறு: 38.7-ஆல் வகுக்க வேண்டும். 200 என்பது 5.2.

மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி இரு நாட்டிலும் விழுக்காடுதான், நீரிழிவு என்று சொல்லும் எல்லைக்கோடு மட்டும் வேறு. அங்கே 6.5, மலேசிய வழிகாட்டியில் 6.3. அவசர எண் 108 என்று வரும் இடத்தில் 999 என்று சொல்லிப் பழகுங்கள்.

நிஜமாகவே 3.9-க்குக் கீழே இறங்கி, ஆள் நினைவோடு விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 999 அழையுங்கள்.

பிறை: விரலில் குத்தும்போது என்ன தவறு அதிகம் நடக்கிறது?

பழம் உரித்த கையோடு, குவே தின்ற கையோடு வருவார்கள். விரலில் ஒட்டிய இனிப்பே எண்ணை ஏற்றிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, நடுவிரல் அல்லது மோதிரவிரலின் பக்கவாட்டில் குத்துங்கள். நுனியில் குத்தினால் வலிக்கும். கழுவ வசதி இல்லாவிட்டால் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். விரலைப் பிழியாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில், ரத்தத் துளியை வைக்கும் ஸ்டிரிப் சீக்கிரம் கெடும்; ஒன்றை எடுத்தவுடன் டப்பாவை மூட வேண்டும், திறந்த தேதியை மேலே எழுத வேண்டும். ஊசி ஒருவருக்கு ஒன்று, கையுறையும் அப்படியே. குத்திய ஊசி கெட்டியான ஊசிப்பெட்டிக்குள் போகட்டும், குப்பைப் பைக்குள் வேண்டாம்.

ஜெலுத்தோங்: உணவைப் பற்றிப் பேசினால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். மாற்றம் இல்லை.

தலையாட்டினால் புரிந்தது என்று அர்த்தமில்லை. "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்காதீர்கள், யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "வீட்டுக்குப் போனதும் மகள், 'என்ன சொன்னாங்க?'ன்னு கேட்டா என்ன சொல்வீங்கம்மா?" என்று கேளுங்கள். அவர் திரும்பச் சொல்வதில் எது விடுபட்டதோ அதை மட்டும் மறுபடி விளக்குங்கள். இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் பாட்டியாகவும் ஒருவர் தொண்டராகவும் இதை ஒத்திகை பாருங்கள்.

"சோத்தைக் குறைங்க" என்று பொதுவாகச் சொல்வதும் வீண். அமைச்சின் 'சுக்கு சுக்கு செபாரோ' முறையை உண்மையான தட்டில் காட்டுங்கள்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீன் அல்லது கோழி, அரைத் தட்டு காய்கறி, பழம். நாசி கண்டார் சாப்பிடுகிறவரிடம் நாசி கண்டாரையே வைத்துப் பேசுங்கள்: குழம்பை வெள்ளமாக ஊற்ற வேண்டாம், வெண்டைக்காய் ஒன்று கூட்டுங்கள், தே தாரிக்குக்குப் பதில் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கொசோங்.

புக்கிட் மெர்தாஜாம்: டிங்கி தடுப்புக்குத் தனிப் பயிற்சி உண்டா?

அமைச்சின் கொம்பி குழுக்கள் அதற்குத்தான். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் விசாரியுங்கள். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை உலர்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்க்க வேண்டும். கொசுப்புழுவைக் கொல்லும் ஒரு விழுக்காட்டு அபேட் மணல் மருந்து 10 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம். வீட்டாரிடம் சொல்ல வேண்டியது: காய்ச்சல் இறங்கும் நாளில் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக்கசிவு, அசதி வந்தால் உடனே மருத்துவமனை. வலி மருந்து பாராசிட்டமோல் மட்டும்.

நிபோங் திபால்: இந்த அனுபவம் வேலைக்கு உதவுமா?

தொண்டர் சான்றிதழை வைத்துத் தாதி ஆக முடியாது. அதற்கு அங்கீகரிக்கப்பட்ட படிப்பும் தாதியர் வாரியப் பதிவும் வேண்டும். பராமரிப்புப் பணிக்குப் போக நினைப்பவர் மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் பற்றி விசாரியுங்கள். அதில் செய்த வேலையை ஆதாரத்தோடு காட்டித் தகுதி பெறும் பிபிடி என்ற வழியும் உண்டு. ஆகவே இன்றே ஒரு குறிப்பேடு போடுங்கள்: தேதி, இடம், செய்த வேலை, எத்தனை மணி நேரம், மேற்பார்வையாளர் கையெழுத்து. நோயாளிகள் பெயரோ அடையாள அட்டை எண்ணோ அதில் வேண்டாம், வாட்ஸ்ஆப் குழுவிலும் வேண்டாம்.

தஞ்சோங் பூங்கா: சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதும் முதலுதவி) சான்றிதழ் இன்னும் காலாவதியாகவில்லை. மறுபடி பழக வேண்டுமா?

வேண்டும். சான்றிதழ் செல்லுபடியாக இருக்கும்போதே கை மறந்துவிடும், சில மாதங்களே போதும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பொம்மையில் இரண்டு நிமிடம் அழுத்திப் பாருங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர், 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுதாக மேலெழும்ப விடுங்கள். களைத்தவர்கள் கையைத் தூக்காமல் சாய்ந்துவிடுவார்கள். அதனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவதையும் சேர்த்தே பழகுங்கள்.