ஓணத்துக்கு வெட்டின ஏத்தன்குலை, பாதி பழம் பாதி காய்: என்ன செய்யலாம்?

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் பத்து மூடு ஏத்தன் வாழை (நேந்திரன்) நிற்கிறது, மகளை எல்லை தாண்டிக் கேரளத்தில் பாறசாலையில் கட்டிக்கொடுத்திருப்பதால் வருஷாவருஷம் ஓணத்துக்குச் சொந்தக் குலையைக் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். போன வருஷம் இரண்டு குலை வெட்டித் தொங்கவிட்டதில் மேல்சீப்புகள் ஒரு வாரத்துக்குள் பழுத்து உதிர ஆரம்பித்துவிட்டன, அடிச்சீப்புகள் திருவோணம் கழிந்தும் கல்லுபோல் பச்சையாகவே கிடந்தன. பழுத்ததையாவது காப்பாற்றலாம் என்று பிரிட்ஜில் வைத்தால் தொலி கறுத்துவிட்டது. இந்த வருஷம் கடைக்காரர் ஒருவர், "ஒரு பொடிப் பொட்டலம் தாறேன், ஒரே ராத்திரியில பழுத்துரும்" என்கிறாராம். மாமியார், "எங்க காலத்துல புகைதான்" என்கிறாராம். "எதைச் செய்யட்டும் அண்ணா, சம்பந்தி வீட்டுல மானம் போகாம இருந்தா சரி" என்று முடித்திருக்கிறார்.

மாமியார் சொல்வது சரி அக்கா. ஆனால் புகை போடாமலே அதே வேலையைச் செய்யலாம், அதைக் கீழே சொல்கிறேன். பொடி வேண்டாம். அதற்கும் காரணம் சொல்கிறேன்.

வாழைக்காய் வெட்டின பிறகும் உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது, சூடு வெளியிடுகிறது, தன்னிடம் இருக்கும் மாவைச் செலவழிக்கிறது. நன்றாக விளைந்த காய் ஒரு கட்டத்தில் எத்திலீன் என்ற வாயுவைத் தானே உண்டாக்க ஆரம்பிக்கும். இதன் குணம் என்னவென்றால், கொஞ்சம் எத்திலீன் பட்டால் காய் இன்னும் அதிகமாக எத்திலீன் விடும், அது பக்கத்துக் காயில் படும், அதுவும் விட ஆரம்பிக்கும். ஓணக்களியில் ஒருத்தர் குரவை இட்டால் வரிசையாக எல்லாரும் இடுவதுபோலத்தான். அழுகின தக்காளி ஒன்று கூடையையே கெடுப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு.

இந்த வாயு பட்டதும் காய்க்குள் பல வேலைகள் ஒன்றாக நடக்கும். பச்சைக் காயின் சதையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாவு. சாதாரண வாழைப்பழத்தில் பழுக்கப் பழுக்க அது கிட்டத்தட்ட முழுக்கச் சர்க்கரையாகிவிடும், ஏத்தனில் மட்டும் பழுத்த பிறகும் கொஞ்சம் மாவு தங்கிவிடும், நாம் ஏத்தம்பழத்தை அவித்துத் தின்பது அதனால்தான் அத்தனை ருசி. துவர்ப்பு அடங்குகிறது, சதை இளகுகிறது. தொலியில் இருந்த பச்சை நிறம் உடைந்துபோக, அடியில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மஞ்சள் புதிதாக வந்து ஏறுவதாகப் பலரும் நினைக்கிறார்கள், பெரும்பாலும் அது பச்சை விலகி வழிவிட்டதுதான்.

இப்போது உங்கள் பாதிக்குலைப் பிரச்சினைக்கு வருவோம். குலை தள்ளும்போது எல்லாச் சீப்பும் ஒரே நாளில் விரிவதில்லை. மேலே, வாழையோடு சேர்ந்திருக்கும் பக்கத்துச் சீப்புதான் மூத்தது, கூம்பை, அதாவது வாழைப்பூவை, நோக்கி இறங்க இறங்க இளையது. அதனால் மேல்சீப்பு பருத்து முற்றிய நாளில் அடிச்சீப்பு இன்னும் சில நாள் மரத்தில் நிற்க வேண்டிய காயாகத்தான் இருக்கும். குலையை அப்படியே கட்டித் தொங்கவிட்டால் மூத்தது தானாகத் தொடங்கிவிடும், அது விடும் வாயு திறந்த திண்ணையில் காற்றோடு போய்விடும், இளையதுக்கு ஒன்றும் கிடைக்காது. வாழை சரியாகத்தான் நடந்திருக்கிறது, நாம்தான் எட்டு வயசுப் பிள்ளையையும் நாலு வயசுப் பிள்ளையையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்துவிட்டோம்.

ஆகவே முதல் வேலை சீப்பைப் பிரிப்பது. குலை வெட்டுகிற அன்றைக்கே கூரான கத்தியால் தண்டை ஒட்டிச் சீப்பு சீப்பாக அறுத்து, வெட்டுவாய் கீழே பார்க்கும்படி வாழையிலையில் வைத்து விடுங்கள். கறை வடிந்து காயட்டும், இல்லாவிட்டால் தொலியெல்லாம் கறுப்புக் கோடு விழும், அது பழத்தைக் கெடுக்காது என்றாலும் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோகிற பழத்துக்கு நல்லதில்லை. தரையில் போட்டு உருட்ட வேண்டாம், அடிபட்ட இடத்திலும் எத்திலீன் கிளம்பும், அந்த ஒரு காய் மட்டும் முந்திக்கொள்ளும்.

அதற்கும் முன்னால், வெட்டும் பருவம். காயின் விளிம்பு கூராக இருந்தால் வெட்டாதீர்கள், அது மழுங்கி உருண்டு வர வேண்டும், நுனியில் காய்ந்து நிற்கும் பூ விரல் பட்டதும் உதிர வேண்டும். ஏத்தன் குலை தள்ளி ஏறக்குறைய மூன்று மாதம் ஆகியிருக்கும். விளையாத காயை எந்த வித்தை செய்தும் நல்ல பழமாக்க முடியாது, உள்ளே மாவே போதுமான அளவு சேராதபோது சர்க்கரை எங்கிருந்து வரும்? தொலி மஞ்சளாகும், சுருங்கும், ருசி சக்கையாக இருக்கும். சரி, முற்றட்டும் என்று மரத்திலேயே விட்டுவைத்தால் வெடித்துவிடும், அல்லது வௌவால் நமக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும்.

இனி பழுக்க வைக்கும் வழி. பெரிய வார்ப்போ (அண்டா மாதிரிப் பாத்திரம்), அரிசி போட்டு வைக்கும் தகரப் பெட்டியோ, மூடியுள்ள எதுவானாலும் போதும். அடியில் வாழைச்சருகு பரப்பி, சீப்புகளை அடுக்கி, நடுவே நன்றாகப் பழுத்த பழம் வையுங்கள். நான் சீப்புக்கு இரண்டு பழம் என்று வைப்பேன், மட்டியோ பாளையங்கோட்டானோ எதுவும் சரி, ஆப்பிள் இருந்தாலும் சரி, அதுவும் இதே வாயுவைத் தாராளமாக விடும். மேலே சாக்கு போட்டு மூடி வையுங்கள். காலையும் மாலையும் ஒரு தடவை திறந்து காற்று மாற்றிவிட்டு மறுபடி மூடுங்கள். ஒன்றரை நாள் போதும், அப்புறம் வெளியே எடுத்து இடைவெளி விட்டுப் பரப்பினால் மீதி வேலையைக் காய் தானே பார்த்துக்கொள்ளும்.

திறந்து மூடுவதை மறக்க வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நான் ஒரு தடவை அதிபுத்திசாலித்தனமாக ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மில் இரண்டு குலையைப் போட்டு, வாயு துளிகூடத் தப்பக் கூடாது என்று மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மூன்று நாள் கழித்துத் திறந்தேன். கள்ளுக்கடை வாசம் அடித்தது. காய் பச்சையாகத்தான் இருந்தது, ஆனால் உள்ளே கொழகொழவென்று ஆகிவிட்டது. எத்திலீனை உண்டாக்கும் கடைசிப் படிக்கு ஆக்சிஜன் தேவை, அடைத்து வைத்ததில் காய்கள் இருந்ததை மூச்சுவிட்டே தீர்த்துவிட்டன, கரியமில வாயு ஏறியது, எத்திலீனின் வேலையும் நின்றது, காற்றில்லாமல் புளித்துச் சாராயமாகத் திரும்பியதுதான் மிச்சம். பிளாஸ்டிக் கவருக்குள் இறுக்கிக் கட்டி வைப்பவர்களுக்கும் இதே கதைதான்.

மாமியாரின் புகைக்கு வருகிறேன். கதம்பையோ (தேங்காய் மட்டை) சருகோ அரைகுறையாக எரியும்போது வரும் புகையில் எத்திலீனும் இருக்கிறது. கலிபோர்னியாவில் இதையே தெரியாமல் செய்துகொண்டிருந்தார்கள். எலுமிச்சை மஞ்சளாவதற்காக அறையில் மண்ணெண்ணெய் அடுப்பு வைப்பார்கள், சூடுதான் காரணம் என்று நினைத்துப் புகையில்லாத நல்ல அடுப்புக்கு மாறினால் பழம் பச்சையாகவே நின்றது. 1924-இல் டென்னி என்ற விஞ்ஞானி, வேலை செய்தது சூடு அல்ல, அந்தப் புகையிலிருந்த எத்திலீன் என்று காட்டினார். பழமே இந்த வாயுவை உண்டாக்குகிறது என்பதை கேன் என்பவர் ஆப்பிளை வைத்து நிரூபித்தது அதற்கும் பத்து வருஷம் கழித்து, 1934-இல். நம் பாட்டிமார் காரணம் தெரியாமலே காரியத்தைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் புகை போடுவதென்றால் ஆள் படுக்கும் அறையில் போடாதீர்கள், கார்பன் மோனாக்சைடு சேரும், மணமே இல்லாமல் ஆளைக் கொல்லக்கூடியது அது. வெளியே குழியிலோ தனிச் சாய்ப்பிலோ மட்டும்.

பொடிக்கு வருவோம். பெயர் அச்சடிக்காத பொட்டலம் என்றால் அது பெரும்பாலும் கால்சியம் கார்பைடாக இருக்கலாம், வெல்டிங் கடையில் பயன்படுத்தும் அதே கல். ஈரம் பட்டால் அசிட்டிலீன் கிளம்பும், அது எத்திலீனைப்போல் நடித்துக் காயை ஏமாற்றும். கூடவே ஆர்செனிக், பாஸ்பரஸ் கலந்த நச்சு வாயுவும் சிறு அளவில் வரும். 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி இதைக் கொண்டு பழம் பழுக்க வைப்பது நாடு முழுக்கத் தடை, எல்லைக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி. எத்திலீன் வாயுவுக்கு அனுமதி உண்டு, காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு வரைக்கும். எத்திலீன் கிளப்பும் பாக்கெட்டுகளும் முறைப்படி விற்கின்றன, அவற்றையும் பழத்தைத் தொடாமல் தனியே வைக்க வேண்டும். எத்திலீனை விடும் எத்திபான் என்ற மருந்துக் கரைசலில் காயை முக்கி எடுப்பது வேறு விஷயம், அது கூடாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன், "தொலி முழுக்க மஞ்சள், காம்பு மட்டும் பச்சை, அப்படியென்றால் கல் வைத்தது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் ஜோசியத்தை நம்ப வேண்டாம். எத்திலீன் அறையில் ஒழுங்காகப் பழுத்த பழமும் ஒரு கட்டத்தில் அப்படித்தான் இருக்கும். கண்ணால் பார்த்து எது கல், எது வாயு என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பிரிட்ஜ் விஷயம். வாழை வெக்கை நாட்டுச் செடி, 13 டிகிரிக்குக் கீழே போனால் அதன் தொலியில் இருக்கும் உயிரணுக்கள் சேதமாகி, உள்ளிருப்பவை ஒன்றோடொன்று கலந்து கறுத்துவிடும், வெட்டின கத்தரிக்காய் கறுப்பதுபோல. பழுத்த பழமாக இருந்தால் தொலி மட்டும்தான் கறுக்கும், உள்ளே நன்றாகவே இருக்கும், பழம்பொரி போட்டுவிடலாம். காயை வைத்தால்தான் மோசம், வெளியே எடுத்த பிறகும் ஒழுங்காகப் பழுக்காது. தள்ளிப்போட வேண்டுமானால் மற்றப் பழங்களிலிருந்து பிரித்து, காற்றோட்டமான நிழலில், குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் போதும். கீரையையும் வெள்ளரிக்காயையும் இந்தப் பழக்கூட்டத்தின் பக்கத்தில் வைக்காதீர்கள், அதே வாயு பட்டு மஞ்சளடித்துவிடும்.

இதே வேலை மாங்காய், பப்பாளி, சப்போட்டா, சக்கை (பலா) எல்லாவற்றிலும் நடக்கும். அன்னாசி, ஆரஞ்சு, திராட்சையில் நடக்காது, வெட்டின பிறகு நிறம் வேண்டுமானால் மாறும், இனிப்பு ஏறாது. அதனால் ஓணத்துக்கு அன்னாசி வாங்குவதாக இருந்தால் பழுத்ததாகப் பார்த்தே வாங்குங்கள்.

நாள் கணக்கு. நம் வெக்கையில் வார்ப்பில் வைத்ததிலிருந்து நல்ல நிறம் வர நாலைந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், மழை விடாமல் பெய்தால் ஒரு நாள் கூடும். ஆகவே திருவோணத்துக்கு முன்னால் வரும் நட்சத்திரக் கணக்கில் சுவாதியன்று வெட்டிச் சீப்பு பிரித்துக் கறை வடிய விடுங்கள். விசாகத்தன்று அடிச்சீப்புகளை மட்டும் பழத்தோடு வார்ப்பில் வையுங்கள், இளையதுக்குத்தான் தூண்டுதல் அதிகம் வேண்டும். அனுஷத்தன்று மேல்சீப்புகளையும் அதோடு சேருங்கள். கேட்டை மாலைக்குள் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினால் உத்திராடத்தன்று பாறசாலைக்குப் போகும் கூடையில் ஒரே நிறத்தில் இருக்கும்.

கடைசி ஒன்றிரண்டு சீப்பு ரொம்ப மெலிந்து, விளிம்பு கூராகவே இருந்தால் அதைப் பழுக்க வைக்கவே மெனக்கெட வேண்டாம். அவியலுக்கோ எரிசேரிக்கோ போய்விடும். உப்பேரிக்கு (நேந்திரங்காய் வறுவல்) நன்றாக விளைந்த பச்சைக்காயில் ஒரு சீப்பை வெட்டின அன்றைக்கே தனியாக ஒதுக்கிவிடுங்கள், வார்ப்பில் ஒரு ராத்திரி இருந்த காயை எடுத்து வறுத்தால் சர்க்கரை கிளம்பியிருக்கும், எண்ணெயில் போட்டதும் சிவந்து கருகிவிடும்.