மேட்டூர் உபரி நீர் கடலுக்குப் போவது வீணா?

அணை 120 அடி நிரம்பிய பிறகு கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போகும் தண்ணீர் வீண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க. முகத்துவாரத்தில் உப்புநீர் உள்ளே ஏறாமல் தடுப்பதும், பிச்சாவரம் அலையாத்திக் காட்டுப் பக்கம் நன்னீரும் வண்டலும் கொண்டு சேர்ப்பதும் அந்த வெள்ளம்தான்.

அதற்காக நம் சேலம் பக்கத்து வறண்ட ஏரிகளை மறந்துவிட வேண்டியதில்லை. சரபங்கா நீரேற்றுத் திட்டம் மேட்டூர் உபரியில் ஒரு பங்கை அப்படிப்பட்ட 100 ஏரிகளுக்குத் திருப்பத்தான் வந்தது. வெள்ள நாளில் மட்டும் எடுப்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

கடலுக்குப் போகும் தண்ணீரைவிட எனக்கு வலிப்பது திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் பிறந்த ஆறு, சேலம் நகருக்குள் சாக்கடையைச் சுமந்து கறுத்துப்போகிறது. பாலத்தில் நின்றால் நுரை மிதப்பது தெரியும், மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். அப்புறம் அதே தண்ணீர்தான் நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து காவிரியில் கலக்கிறது.