நலிந்த எலுமிச்சைக் கன்று: எங்கே வெட்டுவது, எங்கே விடுவது? (கேள்வி பதில்)

கேள்வி: ஒன்றரை வருட ஒட்டு எலுமிச்சை ஐயா. உச்சியில் நாலு இலைதான். அடியில் மட்டும் இரண்டு கிளை முள்ளோடு விறுவிறுவென்று வளர்கிறது. எதை வெட்டுவது?

பதில்: அடியில் வளரும் இரண்டையும், இன்றைக்கே. தண்டில் சின்ன வளைவோ புடைப்போ பட்டை மாறும் இடமோ தெரியும். அதுதான் ஒட்டுத் தழும்பு. அதற்குக் கீழே கிளம்புவதெல்லாம் வேர்ச்செடியின் (ஒட்டுக்கு வேராக நிற்கும் அடிச்செடியின்) போத்து, அதாவது பக்கத்துளிர். மேலே போக வேண்டிய சத்தை அதுவே குடித்துவிடும். இளசாக இருந்தால் விரலால் அடியோடு பிய்த்தெடுங்கள். முற்றியிருந்தால் கூரான கத்தரியால் தண்டை ஒட்டி வெட்டுங்கள். குச்சி விட்டு வெட்டினால் அந்தக் குச்சியிலிருந்தே மறுபடி கிளம்பும்.

உச்சியில் காய்ந்த நுனிகளை மட்டும் எடுங்கள். பட்டையை நகத்தால் சுரண்டி, பச்சை தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த நாலு இலையைத் தொடவே கூடாது.

இன்னொன்று: தழும்பு மண்ணுக்கு மேல் 15 செ.மீ. உயரத்திலாவது நிற்க வேண்டும். மண்ணோ மூடாக்கோ தண்டில் ஏறினால் தூர் அழுகும், பிசின் வடியும்.

கேள்வி: இலை மஞ்சளாகிறது. என்ன உரம்?

பதில்: எந்த இலை என்பதில்தான் விடை இருக்கிறது. பழைய இலை முழுதாக வெளுத்தால் தழைச்சத்துக் குறை. புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை; சுண்ணாம்பு மண்ணிலும் நீர் தேங்கும் மண்ணிலும் வரும். புது இலை சிறுத்துக் குறுகி, நரம்புகளுக்கிடையே மஞ்சள் படர்ந்தால் துத்தநாகம்: லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், 2.5 கிராம் நீற்றிய சுண்ணாம்பு சேர்த்துத் தெளியுங்கள். இலையின் இரு பாதியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் திட்டுத்திட்டாக வெளுத்தால் பச்சையாதல் (கிரீனிங்) நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தில்லை, வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள்.

எதுவானாலும் உரத்துக்கு முன் ஒரு விரல் ஆழம் மண்ணைத் தோண்டுங்கள். ஈரம் சொதசொதவென்று நாற்றமடித்தால் வேர் மூச்சுத் திணறுகிறது. அந்த வேருக்கு உரம் நஞ்சு.

கேள்வி: என் கன்றும் மஞ்சள்தான். எப்சம் உப்பு போடலாமா?

பதில்: பழைய இலையின் ஓரம் வெளுத்து, காம்புப் பக்கம் பச்சை முக்கோணம் நின்றால் மட்டும்; அது மெக்னீசியக் குறை, எப்சம் உப்பு மெக்னீசியம் சல்பேட்தான். மற்றபடி முந்தைய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மாவும் ரோஜாவும் ஒட்ட வெட்டினால் செழிக்கின்றன. கன்றைப் பாதியாக வெட்டினால் துளிர்க்காதா?

பதில்: வேண்டவே வேண்டாம். எலுமிச்சை இலையுதிர்க்காத மரம். உணவை வேரில் மட்டுமல்ல, இலையிலும் கிளையிலும் சேர்த்து வைக்கிறது. பாதியை வெட்டினால் சேமிப்பில் பெரும்பங்கு போய்விடும். நிழலிழந்த பட்டை வெயிலில் வெந்து வெடிக்கும்.

கேள்வி: ஒட்ட வெட்டிய கன்றில் துளிர் வந்ததைப் பார்த்திருக்கிறேனே!

பதில்: வரும். மிச்சமிருக்கும் சேமிப்பைச் செலவழித்து வரும் துளிர் அது. அதை வைத்து வேர் தேறியது என்று சொல்ல முடியாது. அந்த இளந்துளிரைத்தான் இலைத்துளைப்பானும் (இலைக்குள் குடைந்து தின்னும் புழு) தேடி வரும். வேர் பலமான முதிர்ந்த மரத்தை ஒட்ட வெட்டலாம், தண்டுக்கு வெள்ளையடித்துவிட்டு. நலிந்த கன்று அதைத் தாங்காது.

கேள்வி: இலையில் வெள்ளிக் கோடு, சுருளல். அந்த இலைகளைக் கிள்ளலாமா?

பதில்: இது இலைத்துளைப்பானின் வேலை. இலைகளை விட்டுவிடுங்கள். சுருண்டாலும் அந்த இலை உணவு சமைக்கும். அடுத்த துளிர் விரியத் தொடங்கும்போது லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள். புழு இலைக்குள் புகுந்தபின் தெளித்துப் பயனில்லை.

கேள்வி: வெட்டுக்காயத்துக்குப் பசை?

பதில்: சிறு காயத்துக்குத் தேவையில்லை. கட்டைவிரல் பருமனுக்கு மேல் என்றால் போர்டோ பசை: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். இரண்டையும் பாதிப்பாதித் தண்ணீரில் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்துக் கலந்து, அன்றே பூசுங்கள்.

கேள்வி: இத்தனை நலிவிலும் பூத்திருக்கிறதே ஐயா?

பதில்: கிள்ளிவிடுங்கள். காய் பிடித்திருந்தால் பட்டாணி அளவிலேயே எடுத்துவிடுங்கள். நட்ட முதல் இரண்டு வருடம் வேரும் கிளையும்தான் விளைச்சல்.